தினேஷ்குமாருக்கு ஒரு ஒல்லி டிஸ்க்

காந்திபுரத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே இருந்தது யாழிசையின் கடை. கீழே தேங்காய் பன் வேகும் வாசனை படியேறி வரும். மேலே, தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்ட பழைய சிப்புகளுக்கு அவள் மறுவாழ்வு கொடுத்துக்கொண்டிருப்பாள். 'நரம்புக்கருவி மென்பொருள் சீரமைப்பு நிலையம்' என்று பலகை எழுதி மாட்டியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. ஆட்டோக்காரரிலிருந்து நரம்பு டாக்டர் வரை எல்லோருக்கும் அது ஒல்லி டிஸ்க் கடைதான்.

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் சிப் வைப்பது அந்தக் காலத்தில் சாதாரணமாகியிருந்தது. மனசில் தோன்றும் சொல்லைப் பிடித்து நாக்கு வரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பது அதன் வேலை. சிப்புக்குள் ஓர் இயங்குதளம். அதற்கு அடிக்கடி புதுப் பதிப்பு வரும். ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குண்டாக வரும். புது சிப்புகளில் அது கால் நீட்டிப் படுத்துக்கொள்ளும். பழைய சிப்புகளுக்குள் நுழையவே நுழையாது. நுழைய வேண்டுமென்றால் வேண்டாத சதையை யாராவது அறுத்தெடுக்க வேண்டும். யாழிசை அறுத்தெடுப்பாள். ஆளுக்குத் தகுந்தபடி பகுதிகளைக் கழற்றி, ஒல்லியான மிச்சத்தை ஒரு டிஸ்க்கில் எழுதி, ஆளை எதிரே உட்காரவைத்து ஏற்றுவாள். மூளையோடு பேசும் கருவிக்கு இணையத்தின் வழியே எதையும் அனுப்பக் கூடாது என்பது சட்டம். அதனால்தான் எப்போதோ வழக்கொழிந்துபோன டிஸ்க், யாரும் திருத்த முடியாத பொருள் என்ற ஒரே தகுதியில் திரும்பி வந்திருந்தது.

தினேஷ்குமார் படியேறி வந்தது ஒரு புதன்கிழமை காலை. வெள்ளைச் சட்டை, பளபளக்கும் வழுக்கை. பக்கத்தில் விளையாட்டு ஷூ போட்ட மனைவி. அந்த மாதிரி தினேஷ், ரமேஷ் என்றெல்லாம் யாராவது பெயர் சொன்னாலே, எழுபது வயசுக்குக் குறையாது என்று யாழிசையின் தலைமுறைக்குத் தெரிந்துவிடும்.

"வணக்கமுங் அம்மணி. நானு கிரைண்டர் கம்பெனில ஏரியா மேனேஜரா இருந்தவன். வாதம் வந்து பேச்சு நின்னுபோச்சுங். அப்பறம் இந்தக் காதுக்குப் பின்னால ஒரு... அது வந்துங்க..."

"சிப்பு" என்றார் மனைவி.

"சிப்பு வெச்சாங்க. இப்ப பாத்தா அந்தக் கம்பெனி கடையக் கட்டிட்டுப் போயிருச்சாமா. பழைய பதிப்புல சிப்பு சூடேறுதுன்னு கவுருமெண்டுல இருந்து ஒரு... அது வந்துங்க..."

"நோட்டீஸ்."

"நோட்டீஸ் வந்துருக்குது. மாசக் கடைசில இத நிறுத்திப்போடுவாங்களாமா. வேற சிப்பு வெக்கலாம்னா, மயக்க மருந்து குடுத்தா என்ற... அது வந்து..."

"இதயம் தாங்காதுங்" என்று முடித்தார் மனைவி. "என்ற பேரு சத்யபிரியா கண்ணு. ஸ்கூல்ல பி.டி. டீச்சரா இருந்தேன்."

ஒரு வாக்கியத்தை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு படியேறி வந்த மாதிரி இருந்தது. அவர் கொஞ்ச தூரம் தூக்குவார், இழுப்பார். அந்த இடத்தில் டீச்சர் கை கொடுப்பார். யாரும் யாரையும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. யாழிசைக்கு அதில் கண்ணில் பட்டதெல்லாம் பழைய சிப்பின் மந்தம் மட்டும்தான். சரிசெய்துவிடலாம் என்று அவளுக்கு உற்சாகமாக இருந்தது.

புதுப் பதிப்பைத் திரையில் விரித்தாள். சிப்பில் இருக்கிற இடத்தைப் போல நாலு மடங்கு வந்து நின்றது.

"ஆரம்பிக்கலாங்களா சார்? ஃபின்லாந்து பாஷை வேணுங்களா?"

"அங்க நமக்கு ஒறம்பரை, சொந்தம்னு யாருமில்லீங்."

"மீட்டிங்ல பேசினதுக்குக் குறிப்பு எடுக்கறது?"

"நான் பேசுனத நானே மறுக்கா கேக்கோணுமா? எடுங்க."

"சொந்தக்காரங்க பிறந்தநாளை ஞாபகப்படுத்தறது?"

"எடுங்க" என்று அவரும் "வெய்ங்க" என்று டீச்சரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். வைத்தாள்.

"பாட்டுக் குரல்?"

"எடுத்துருங் கண்ணு" என்றார் டீச்சர். "அக்கம்பக்கத்துல இருக்கறவங்க கையெடுத்துக் கும்புடுவாங்க."

தினேஷ்குமார் முகம் வாடியது. கடைசியாக ஒருதரம் பாடிவிட்டு விடுவதாகச் சொல்லி, எழுந்து நின்று இரண்டு வரி பாடினார். உள்ளறையில் விளம்பர வேலை பார்த்துக்கொண்டிருந்த கூட்டாளி ஷாநவாஸ் என்னமோ விழுந்துவிட்டதாக நினைத்து ஓடிவந்தான். பாட்டுக் குரலும் போனது.

போன பிறகும் இடம் பற்றவில்லை. மிச்சமிருந்ததில் பெரியதாக ஒன்றே ஒன்றுதான் நின்றது.

"இதுக்கு நாங்க இழுவைன்னு பேர் வெச்சிருக்கோம்" என்றாள் யாழிசை. "சொல் கிடைக்கிற வரைக்கும் 'அது வந்துங்க'ன்னு பேச்சைப் பிடிச்சு நிறுத்துமே, அந்தப் பகுதி."

"சும்மா நிக்கறதுக்கா இத்தன எடம்?" என்றார் டீச்சர்.

"சும்மா நிக்கறதுதாங்க டீச்சர் பெரிய வேலை. எதிர்ல இருக்கறவங்க மூச்சு இழுக்கறாங்களா, பேச வாயெடுக்கறாங்களா, நாம விட்டுக்குடுக்கணுமா, எப்ப மறுபடி பிடிக்கணும்னு ஒவ்வொரு நொடியும் பாத்துட்டே இருக்கும். ஆனா புதுப் பதிப்புல சொல் தேடறது அவ்வளவு வேகம். சார் நினைக்கறதுக்குள்ள வந்து நிக்கும். இழுவைக்குத் தேவையே இருக்காது."

"அப்ப எடுத்துருங் கண்ணு. இவரு ஒவ்வொரு வார்த்தைக்கும் தடுமாறுறதப் பாத்தா எனக்கே சங்கட்டமா இருக்குது."

தினேஷ்குமார் மனைவியைப் பார்த்தார். "அது வந்துங்க..." என்று ஆரம்பித்தார்.

"சரிங்கறாரு" என்றார் டீச்சர்.

யாழிசை இழுவையைக் கழற்றினாள். எல்லாம் அளவாக உள்ளே போய் உட்கார்ந்தது.

ஏற்றி முடிக்க மத்தியானம் ஆனது. அதுவரைக்கும் பேச்சில்லாமல் சாய்வு நாற்காலியில் கிடந்தவர், கண்ணைத் திறந்ததும் மடை திறந்தார். கிரைண்டர் கல்லை எங்கே கொத்த வேண்டும், ஈரோட்டுச் சந்தையில் முதல் கிரைண்டர் விற்ற அன்று என்ன மழை, மனைவியை முதன்முதலாகப் பார்த்த பேருந்தின் வழித்தடம், பேருந்தில் எந்தக் கம்பியை அவள் பிடித்திருந்தாள், எல்லாம் ஒரு தடங்கல் இல்லாமல் வந்தது. டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஷாநவாஸ் படம் பிடித்து, அன்று சாயங்காலமே ஊருக்குக் காட்டிவிட்டான். அடுத்த வாரத்திலிருந்து படிக்கட்டு வரைக்கும் ஆள் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் இழுவையை எடுத்துவிடச் சொன்னார்கள்.

தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில் டீச்சர் தனியாக வந்தார். கையில் ஒரு பை நிறைய முறுக்கு.

"சார் நல்லாருக்காருங்களா?"

"நெம்ப நல்லாருக்காரு கண்ணு. எந்தக் குறையும் இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

முறுக்கைக் கொடுத்த பிறகும் கிளம்பவில்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். டிஸ்க் உறையில் பெயர் ஒட்டிக் கொடுத்தார். மறுநாளும் வந்தார். அதற்கு அடுத்த நாள் வந்தபோது ஷாநவாஸ் யாழிசையின் காதில், "சம்பளம் போட்டுடலாமா?" என்று கேட்டான்.

கூட்டம் கலைந்த நேரத்தில் யாழிசை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "டீச்சர், நிஜமா ஒண்ணுமில்லீங்களா?"

டீச்சர் சிரித்தார். சொல்வதற்கு அவருக்கே வெட்கமாக இருந்தது.

"பைத்தியக்காரத்தனமா இருக்கும் கண்ணு. அவருக்கு எல்லா வார்த்தையும் வந்துருது. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள வந்துருது. நேத்துப் படுக்கப் போறப்ப யோசிச்சுப் பாத்தேன். அன்னிக்கு முழுக்க நான் பேசுனது 'ம்', 'ஆமா', 'சாப்படலாமா', அவ்வளவுதான். முன்னால எல்லாம் ஊட்டுல ரெண்டு பேரும் ஓயாம நாயம் பேசிட்டு இருப்போம். இப்ப அவரு பேசறாரு, நான் ரேடியோ கேக்கறவ மாதிரி உக்காந்துருக்கறேன். இது ஒரு குறையா? ஆளு நல்லாப் பேசறாருன்னு சந்தோசப்படாம..." மேலே சொல்லாமல் அடுத்த உறையை எடுத்துப் பெயர் ஒட்டினார்.

தன் கையால் கழற்றிப்போட்டது என்ன என்று யாழிசைக்கு அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் பேட்மிண்டன் ஆடப் போகிற நாளாகப் பார்த்து, சிப்பைச் சோதிக்கிற சாக்கில் அவள் அவர்களுடைய சிங்காநல்லூர் வீட்டுக்குப் போனாள். கதவைத் திறக்கும்போதே தினேஷ்குமார் பேசிக்கொண்டிருந்தார்.

"வாம்மணி உள்ள வா செருப்பு அங்கயே இருக்கட்டும் சத்யா வெளையாடப் போயிருக்கறா காப்பி போடட்டுமா சக்கர கம்மியாத்தான் போடுவேன் சிப்பு நல்லாத்தான் இருக்குது நெம்ப நல்லாருக்குது அதுதான் வம்பே."

"வம்புங்களா? ஏனுங்க சார்?" என்றாள் யாழிசை, அவர் போட்டுக் கொடுத்த காப்பியை வாங்கிக்கொண்டே.

"அன்னிக்கு உன்ற கடைல இழுவைய எடுக்கட்டுமான்னு கேட்டயே நான் அது வந்துங்கன்னு ஆரம்பிச்சனே சத்யா சரிங்கறாருன்னு முடிச்சுப்போட்டாளே நான் சொல்ல வந்தது வேண்டாம்னு."

யாழிசை காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"சிப்பு வெச்ச புதுசுல நெசமாவே வார்த்த வராதும்மணி அவதான் எடுத்துக் குடுப்பா அப்பறம் போகப் போக சிப்பு பழகிப் பாதிக்குப் பாதி எனக்கே வந்துரும் ஆனா நான் சொல்ல மாட்டேன் தெரிஞ்சுட்டே நிறுத்துவேன் அவ குடுக்கறதுக்காக நிறுத்துவேன் ரிட்டையர் ஆகி ஊட்டுல உக்காந்த பொறவு நாங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டதே அதுலதான் அடடா இத யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு வெச்சிருந்தேன் சொல்லிப்போட்டேன் பாத்தயா இப்ப எதையுமே நிறுத்த முடியறதில்ல நெனச்சா வெளிய வந்துருது."

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயை மூடிக்கொண்டார். கைக்குள்ளிருந்து மேலும் நாலைந்து சொல் வந்தது.

"டீச்சர்கிட்ட இதைச் சொல்லிட்டீங்களா?" என்று யாழிசை கேட்டாள்.

"அவ இருக்கறப்ப வேற எதையாச்சும் கெட்டியா நெனச்சுக்குவேன் கிரைண்டரப் பத்தி நெனச்சுக்குவேன் அதனாலதான் பொழுதன்னிக்கும் கிரைண்டர் நாயமாவே வருது அவளுக்கும் சலிச்சுப்போச்சு கேளும்மணி கிரைண்டர் விக்கறப்ப எனக்கு ஒண்ணு தெரியும் வாங்க வர்றவங்க பேசறதுக்கு நாம எடம் விடாட்டி ஒரு கிரைண்டர்கூடப் போகாது அந்த எடத்த நீ திருப்பிக் குடு."

யாழிசை கடைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் ஷாநவாஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான்.

"நல்லா ஓடற வண்டிய நிறுத்தி, என்ன கேக்கறாரு அந்த மனுசன்?"

"பிரேக் கேக்கறாரு ஷானு."

"இடம் எங்க இருக்கு? ஒரு விரல் அளவு கூட மிச்சமில்ல. ஃபின்லாந்துல இருந்து எல்லாத்தையும் கழட்டியாச்சு."

"சொற்கிடங்குல இருந்து எடுக்கணும். ஒவ்வொரு சொல்லும் அதோட தொனி, பழக்கம், யாரு யாருகிட்ட எப்படிச் சொல்றதுங்கிற எல்லாத்தையும் சேத்து வெச்சிருக்கு. ஒரு பகுதிச் சொல்லை எடுத்தா இழுவைக்கு இடம் கிடைச்சுடும்."

"அதாவது, பேசற ஆளோட வாயில இருந்து நீயே சொல்லப் புடுங்கப் போற."

"மனசுல பொருள் இருக்கும். நாக்குக்குத்தான் சொல் வராது. அதை டீச்சர் குடுப்பாங்க."

"அந்தம்மா ஊருக்குப் போனா? காய்ச்சல்ல படுத்தா? அவங்களே போயிட்டா?" ஷாநவாஸ் எப்போதும் சிரிக்கிறவன், அன்று சிரிக்கவில்லை. "அதவிட முக்கியம், அது பழைய சிப்பு. ரெண்டாவது தடவை எழுதினா எந்திரிக்காமலே போகலாம். அப்பறம் அவருக்கு இழுவையும் இல்ல, பேச்சும் இல்ல."

அவன் சொன்ன ஒவ்வொன்றும் சரி. யாழிசை வெகுநேரம் யோசித்தாள். தன்னிஷ்டத்துக்குத் தீர்மானிக்கிற விஷயம் இது இல்லை. அவர் இஷ்டத்துக்கு மட்டுமாகவும் தீர்மானிக்கக் கூடாது. டிஸ்க்கிலிருந்து எடுக்கிற சொல்லையெல்லாம் சுமக்கப்போவது டீச்சர். அவரையும் கேட்டாக வேண்டும்.

இருவரையும் வரவழைத்தாள். நடிப்பு விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். இழுவையைத் திருப்பி வைக்கலாம். அதற்காகச் சில சொற்கள் போகும். ஏற்றும்போது சிப் கெட்டுப்போனாலும் போகலாம். சார் சம்மதிக்கிறார்.

டீச்சர் எழுந்து நின்றார். "யாரக் கேட்டு சம்மதிச்சீங்க? நான் ஏதோ வாய் நமநமக்குதுன்னு இந்தப் புள்ளகிட்டச் சொன்னேன். அதுக்காக இருக்கற பேச்சக் கொண்டுபோய் சூதாடுவீங்களா?"

"உனக்காக மட்டும் இல்ல சத்யா எனக்கும்தான் நான் பேசறத நானே கேட்டுச் சலிச்சுப்போச்சு நீ முன்னால கரண்டின்னு எடுத்துக் குடுப்பயே அப்ப கரண்டியப் பத்தி உன்ற அம்மா ஊட்டுக் கதை ஒண்ணு வரும் அதுல இருந்து இன்னொண்ணு வரும் இப்ப கரண்டின்னு நானே சொல்லிப்போடறேன் கதை எங்கயிருந்து வரும் போன ஞாயித்துக்கெழம நான் பேசிட்டே இருக்கறேன் நீ எந்திரிச்சுப் போயிட்ட போனதே எனக்குத் தெரியல..."

டீச்சர் கையைத் தட்டினார். மைதானத்தின் அடுத்த கோடிவரைக்கும் கேட்கிற தட்டல். கீழே பேக்கரியில் பேச்சு நின்றது. தினேஷ்குமார் வாயைப் பொத்திக்கொண்டார்.

"பேச்சு போயிருச்சுன்னா?" என்றார் டீச்சர். இப்போது குரல் தாழ்ந்திருந்தது.

அவர் கையை எடுத்தார். "போச்சுன்னா நீ பேசு நான் கேக்கறேன் இத்தன நாளு அதுக்குத்தான் கஷ்டப்பட்டுட்டு இருந்தேன்."

டீச்சர் ஜன்னல் பக்கம் போய் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பழைய பி.டி. டீச்சராக இருந்தார்.

"எந்த வார்த்தைய எடுக்கறதுன்னு நாந்தான் சொல்லுவேன்."

"சொல்லு."

"சமையக்கட்டுச் சாமான் பூராவும் எடுத்துரு கண்ணு. அரிவாள்மணையில இருந்து அடுப்பு வரைக்கும். எப்படியும் எதுன்னாலும் என்னையத்தான் கேப்பாரு."

யாழிசை கழற்றினாள். பாதி இடம் கிடைத்தது.

"என்ற பக்கத்துச் சொந்தக்காரங்க பேரெல்லாம் எடுத்துரு."

"அதெல்லாம் உள்ள இருந்தாத்தான எடுக்கறதுக்கு" என்று தினேஷ்குமார் சொன்னார்.

"இருக்குதுங்க சார். நிறையவே இருக்குது" என்றாள் யாழிசை. டீச்சர் கணவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"செடி கொடிப் பேரு, துணி நிறம், மாத்திரை பேரு..."

"மாத்திரை பேரு இருக்கட்டுங்க டீச்சர்" என்று யாழிசை குறுக்கிட்டாள். "டாக்டர்கிட்டத் தனியாப் போக வேண்டி வரலாம். வலி, தண்ணி, உதவி, வழி கேக்கறது, பஸ் நம்பர், இதெல்லாம் நான் தொட மாட்டேன். இது என் கண்டிஷன்."

"அதுவும் சரிதான். இன்னொண்ணு. 'தப்பு என்ற மேலதான்'ங்கறது உள்ளயே இருக்கோணும். அத நான் எடுத்துக் குடுக்கவே மாட்டேன்."

ஷாநவாஸ் அப்போதுதான் பழையபடி சிரித்தான்.

"நான் பேட்மிண்டன் போற நாள்ல வேணுங்கறதக் கையில காட்டிக்கோங்க. அதுக்காக வெளையாட்ட விடமாட்டேன்" என்றார் டீச்சர். பிறகு, விளையாட்டுப் போலவே, "நான் இல்லாமப் போயிட்டா?"

"அப்ப நான் கரண்டியப் பத்தி யாருகிட்டப் பேசப்போறேன்" என்றார் அவர்.

டிஸ்க் தயாராக ஒரு வாரம் ஆனது. யாழிசை இத்தனை கவனமாக எதையும் எழுதியதில்லை. ஒவ்வொரு சொல்லையும் எடுக்கும்போது, இது இல்லாமல் அவர் தெருவில் மாட்டிக்கொள்வாரா என்று யோசித்து, மாட்டிக்கொள்வார் என்று தோன்றினால் திருப்பி வைத்தாள். இழுவை உள்ளே போய் உட்கார்ந்தபோது திரையில் மயிரிழை இடம்தான் மிச்சமிருந்தது.

ஏற்றுகிற நாளில் கடைக்கு விடுமுறை விட்டார்கள். ஷாநவாஸ் படம் பிடிக்கும் கருவியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான். தினேஷ்குமார் சாய்ந்து படுத்தார்; டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். டிஸ்க் சுழன்றது. பழையது அழிந்தது. புதியது ஏறியது. ஏறி முடிந்தது என்று திரை சொன்னது.

சிப் எழவில்லை.

யாழிசை மறுபடி எழுப்பிப் பார்த்தாள். திரையில் புள்ளி ஒன்று துடித்து அணைந்தது. மறுபடியும் அதேதான். ஷாநவாஸ் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். கண் திறந்து கிடந்த தினேஷ்குமார் வாயை அசைத்தார். ஒன்றும் வரவில்லை. அவர் மனைவியைப் பார்த்தார்.

டீச்சர் பேச ஆரம்பித்தார். அழவில்லை, பதறவில்லை. நேற்றைய ஆட்டத்தைப் பற்றிச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரி கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை உள்ளே என்று சாதித்தது, நடுவருக்குக் கண் தெரியாதது, தோற்றுவிட்டு வழியில் கரும்புச்சாறு குடித்தது. குடித்த கடையில் தன் பெரியம்மா பேரனைப் பார்த்தது. அவன் பெயரைக் கணவர் வாழ்நாளில் ஒருதரம்கூடச் சரியாகச் சொன்னதில்லை என்பது. அவர் பேசப் பேச தினேஷ்குமாரின் முகம் இளகியது. வாய் திறந்து கேட்டுக்கொண்டே கிடந்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்த வீட்டில் டீச்சர் இவ்வளவு பேசினார் என்று யாழிசைக்குத் தோன்றியது. அது வீடு இல்லை, தன் கடை என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிற்று.

சிப் சூடாக இருக்கிறது என்று அவள் கவனித்தது அப்போதுதான். எழுதிய களைப்பு. ஆறவிட்டாள். கொஞ்சம் பொறுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி எழுப்பினாள். புள்ளி துடித்தது. அணையவில்லை. ஒன்றின் பின் ஒன்றாக வரிகள் வந்து திரை நிறைந்தது.

"அவம் பேரு என்ன சொல்லுங்க பாக்கலாம்?" என்று டீச்சர் கேட்டுக்கொண்டிருந்தார். "நம்ம கல்யாணத்துல மோதரத்த ஒளிச்சு வெச்சவன்."

"அவன்..." என்றார் தினேஷ்குமார். "அது... அது வந்துங்க..."

ஒரு தடுமாற்றத்துக்காக அந்தக் கடையில் அன்று எழுந்த கூச்சல் மாதிரி வேறு எதற்கும் எழுந்ததில்லை. ஷாநவாஸ் யாழிசையைத் தூக்காத குறை. டீச்சர் கணவரின் வழுக்கையில் ஓங்கி ஒன்று போட்டுவிட்டு, "விஷ்வா" என்றார்.

"விஷ்வா. அவனேதான்" என்றார் அவர். சொல்லிவிட்டு நிறுத்தினார். நிறுத்த முடிந்ததில் அவர் முகம் முழுக்கச் சிரிப்பு.

ஷாநவாஸ் கீழே ஓடிப்போய் எல்லோருக்கும் டீ வாங்கி வந்தான். தினேஷ்குமார் எழுந்து உட்கார்ந்து ஒரு வாய் குடித்தார். டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"தம்பி, இந்த... அது வந்துங்க..."

யாழிசை நிமிர்ந்தாள். டீ என்கிற சொல்லை அவள் எடுக்கவில்லை. சாப்பாடு, தண்ணி, டீ, காப்பி எல்லாம் தனியாளாக நின்றாலும் வேண்டும் என்று விட்டுவைத்தவை. அது எப்படிப் போகும்? எழுதும்போது ஏதாவது சிதைந்துவிட்டதா? சட்டென்று திரைப் பக்கம் திரும்பிச் சொற்கிடங்கைத் திறந்தாள். டீ இருந்தது. முழுசாக, பச்சை விளக்கோடு இருந்தது.

"டீ" என்றார் டீச்சர், தன் டம்ளரை ஊதிக்கொண்டே.

"இந்த டீ நெம்ப நல்லாருக்குது தம்பி. எந்தக் கடை?"

ஷாநவாஸ் அவருக்குக் கடையைக் காட்ட ஜன்னலுக்கு அழைத்துப் போனான். யாழிசை இன்னும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மணிக்கட்டில் டீச்சரின் கை வந்து விழுந்தது.

"எதுக்குக் கண்ணு தேடற? உள்ளதான் இருக்கும்."

யாழிசை திரும்பிப் பார்த்தாள்.

"முன்னாலயும் பாதிக்கு மேல உள்ளதான் இருந்துச்சு" என்று டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டு இருக்காரு. நீ ஒண்ணும் சொல்லிப்போடாத."

"சொல்ல மாட்டேனுங்க டீச்சர்" என்றாள் யாழிசை. ஜன்னலிலிருந்து, வெளியே எதையோ சுட்டிக்காட்டி, "அது வந்துங்க..." என்று தினேஷ்குமாரின் குரல் கேட்டது. டீச்சர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போனார்.